சுப்பிரமணிய சிவா

சுப்பிரமணிய சிவா (அக்டோபர் 4, 1884 - சூலை 23, 1925) இந்திய விடுதலைப் போராட்ட வீரரும், எழுத்தாளரும், இதழாசிரியரும், சிறந்த மேடைப் பேச்சாளரும் ஆவார். வ. உ. சிதம்பரம்பிள்ளை, சுப்பிரமணிய பாரதி ஆகியோருடன் இணைந்து தென் தமிழகத்தில் சுதேசி இயக்கத்தை வளர்த்தவர்களுள் ஒருவர். 1908 ஆம் ஆண்டில் அரசத் துரோகக் குற்றச்சாட்டின் பேரில் தண்டிக்கப்பட்டு, திருச்சிராப்பள்ளி, சேலம் ஆகிய சிறைகளில் 1912 வரை வைக்கப்பட்டார். சிறையிலிருந்து வெளிவந்தபோது இவர் தொழுநோய்க்கு ஆளாகியிருந்தார். எஞ்சிய வாழ்நாளை அந்நோயுடனேயே பொதுப்பணியில் கழித்து, அன்றைய சேலம் மாவட்டத்தைச் சேர்ந்த பாப்பாரப்பட்டியில் காலமானார். சென்னை மாகாணச் சிறை அமைப்பு ஒரு தனி மனிதரை எவ்வாறு பதிவு செய்தது, எவ்வாறு வேலை வாங்கியது, எந்நிலையில் வெளியே அனுப்பியது என்பதை அறிவதற்கும் இவரது வாழ்க்கை ஒரு சான்றாக உள்ளது.

பிறப்பும் இளமையும்

சுப்பிரமணிய சிவா அன்றைய மதுரை மாவட்டத்தில், இன்றைய திண்டுக்கல் மாவட்டத்தில் உள்ள வத்தலக்குண்டு என்ற ஊரில் பிறந்தார். தந்தையார் பெயர் இராஜம் ஐயர், தாயார் நாகலட்சுமி. இத்தந்தையாரும், கமலாம்பாள் சரித்திரம் என்ற புதினத்தை எழுதிய பி. ஆர். ராஜமய்யரும் வெவ்வேறானவர்கள். இருவரும் ஒரே ஊரைச் சேர்ந்தவர்கள் என்பதால் சில நேரங்களில் குழப்பம் ஏற்படுவதுண்டு.

குடும்பம் வறுமையுற்றதால் இளமைக் கல்வி தடைபட்டது. மதுரையில் தொடக்கக் கல்வி பெற்ற இவர், பின்னர் திருவனந்தபுரம் சென்று, திருவிதாங்கூர் அரசு நடத்திய இலவச உணவுச் சாலையில் உணவுண்டு கல்வியைத் தொடர்ந்தார். கோயம்புத்தூரிலும் சிறிது காலம் பயின்றார். 1899 ஆம் ஆண்டில் மீனாட்சியம்மையை மணந்தார். சிவகாசியில் காவல் துறை அலுவலகத்தில் எழுத்தர் பணி ஒன்று கிடைத்தும் அதில் நிலைக்கவில்லை.

திருவனந்தபுரத்தில் இருந்த காலத்தில் சதானந்த சுவாமிகள் என்ற துறவியிடம் யோகப் பயிற்சி பெற்றார். சிவம் என்ற பெயர் அவரால் வழங்கப்பட்டது என்பர். 1906 ஆம் ஆண்டில் திருவனந்தபுரத்தில் தர்ம பரிபாலன சமாஜம் என்ற அமைப்பை நிறுவி, இளைஞர்களிடையே நாட்டுப்பற்றைப் பரப்பும் சொற்பொழிவுகளை ஆற்றி வந்தார். இவரது பேச்சுகளை விரும்பாத திருவிதாங்கூர் அரசு, 1907 இல் இவரைத் தன் எல்லையை விட்டு வெளியேறுமாறு ஆணையிட்டது. அங்கிருந்து புறப்பட்ட சிவா, ஊர் ஊராகச் சொற்பொழிவாற்றியவாறு தூத்துக்குடியை அடைந்தார்.

தூத்துக்குடியில்

தூத்துக்குடியில் வ. உ. சிதம்பரம்பிள்ளை 1906 ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் சுதேசி நாவாய்ச் சங்கத்தைப் பதிவு செய்து, கொழும்புக்குக் கப்பல் விட்டு வந்த காலம் அது. அவர் சிவாவைத் தம் இல்லத்தில் தங்கச் செய்து ஆதரித்தார். இருவரும் 1908 ஆம் ஆண்டின் தொடக்க மாதங்களில் தூத்துக்குடிக் கடற்கரையிலும் பிற இடங்களிலும் தொடர்ந்து கூட்டங்கள் நடத்தினர். சிவாவின் பேச்சு கல்லாத மக்களும் எளிதில் புரிந்துகொள்ளும் வகையில் அமைந்திருந்தது.

பெப்ரவரி 27, 1908 அன்று தூத்துக்குடி கோரல் ஆலைத் தொழிலாளர்கள் கூலி உயர்வும் விடுமுறையும் கேட்டு வேலை நிறுத்தம் தொடங்கினர். சிதம்பரம்பிள்ளையும் சிவாவும் அவர்களுக்குத் துணை நின்றனர். ஆலை நிர்வாகம் கோரிக்கைகளை ஏற்றதால் மார்ச்சு மாதத் தொடக்கத்தில் வேலை நிறுத்தம் வெற்றியுடன் முடிந்தது. தென்னிந்தியத் தொழிலாளர் இயக்க வரலாற்றில் இது ஒரு முக்கிய நிகழ்வாகும்.

வங்காளத் தலைவர் விபின் சந்திர பாலர் சிறையிலிருந்து விடுதலையான நாளான மார்ச்சு 9 ஆம் நாளைக் கொண்டாட இவர்கள் முற்பட்டதை மாவட்ட நிர்வாகம் விரும்பவில்லை. மார்ச்சு 12, 1908 அன்று சிதம்பரம்பிள்ளை, சுப்பிரமணிய சிவா, பத்மநாப ஐயங்கார் ஆகிய மூவரும் கைது செய்யப்பட்டனர். மறுநாள் திருநெல்வேலியில் பெருங்கலகம் மூண்டது. நகராட்சி அலுவலகம், அஞ்சல் நிலையம், காவல் நிலையம் முதலியவை தாக்கப்பட்டன. காவலர் துப்பாக்கிச் சூட்டில் நால்வர் உயிரிழந்தனர்.

வழக்கும் தண்டனையும்

சிவா மீதும் சிதம்பரம்பிள்ளை மீதும் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 124அ பிரிவின் கீழ் அரசத் துரோகக் குற்றம் சாட்டப்பட்டது. சிவாவுக்கு உணவும் இடமும் அளித்து அவரது பேச்சுக்கு உடந்தையாக இருந்தார் என்பது சிதம்பரம்பிள்ளை மீதான மற்றொரு குற்றச்சாட்டாகும். வழக்கு திருநெல்வேலியில் நீதிபதி பின்ஹே முன் நடைபெற்றது. சூலை 7, 1908 அன்று வழங்கப்பட்ட தீர்ப்பில் சிவாவுக்குப் பத்து ஆண்டு நாடுகடத்தல் தண்டனை விதிக்கப்பட்டது. சிதம்பரம்பிள்ளைக்கு இரு குற்றங்களுக்குமாக இரண்டு ஆயுள் தண்டனைகள் விதிக்கப்பட்டன.

சென்னை உயர் நீதிமன்றத்தில் செய்யப்பட்ட மேல்முறையீட்டைத் தலைமை நீதிபதி ஆர்னால்டு ஒயிட்டும் நீதிபதி மில்லரும் விசாரித்தனர். 1908 நவம்பரில் அவர்கள் அளித்த தீர்ப்பில் தண்டனைகள் குறைக்கப்பட்டன. சிவாவின் தண்டனை ஆறு ஆண்டுகளாகக் குறைந்தது. சிதம்பரம்பிள்ளையின் தண்டனையும் ஆறு ஆண்டுகளாயிற்று.

இங்குச் சட்டத்தின் அமைப்பைக் குறிப்பிடுதல் வேண்டும். 124அ பிரிவு அக்காலத்தில், அபராதம் நீங்கலாக, நீதிபதிக்கு இரண்டு வழிகளைத் தந்தது. ஒன்று, மூன்று ஆண்டுகள் வரையான சிறைத் தண்டனை. மற்றொன்று, ஆயுட்காலத்திற்கோ அதற்குக் குறைந்த காலத்திற்கோ நாடுகடத்தல். இரண்டுக்கும் இடைப்பட்ட வழி இல்லை. எனவே மூன்று ஆண்டுகளுக்கு மேல் தண்டிக்க விரும்பும் நீதிமன்றம் நாடுகடத்தல் என்ற பெயரிலேயே தண்டிக்க இயலும். சிவாவின் ஆறு ஆண்டுத் தண்டனை நாடுகடத்தலாக அமைந்ததற்கு இதுவே சட்டக் காரணமாகும். ஆயினும் சிவாவும் சிதம்பரம்பிள்ளையும் அந்தமானுக்கு அனுப்பப்படவில்லை. இருவரும் சென்னை மாகாணச் சிறைகளிலேயே கடுங்காவல் கைதிகளாக வைக்கப்பட்டனர். நாடுகடத்தல் என்ற தண்டனை வகை 1955 ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்தால் இந்தியாவில் முற்றிலும் நீக்கப்பட்டு, அதனிடத்தில் ஆயுள் சிறைத் தண்டனை வைக்கப்பட்டது.

சென்னை மாகாணச் சிறை அமைப்பு

சிவா சிறை சென்ற காலத்தில் சென்னை மாகாணச் சிறைகள் மூன்று படிகளாக அமைந்திருந்தன. வட்டத் தலைமை ஊர்களில் கிளைச் சிறைகள் இருந்தன. விசாரணைக் கைதிகளும் சில நாள் தண்டனை பெற்றவர்களும் இவற்றில் வைக்கப்பட்டனர். அதற்கு மேற்படியில் மாவட்டச் சிறைகள் இருந்தன. நீண்ட காலத் தண்டனை பெற்றவர்கள் மத்திய சிறைகளுக்கு அனுப்பப்பட்டனர். சேலம் மத்திய சிறை 1862 ஆம் ஆண்டிலும், சிதம்பரம்பிள்ளை வைக்கப்பட்ட கோயம்புத்தூர் மத்திய சிறை 1872 ஆம் ஆண்டிலும் தொடங்கப்பட்டவை. இவை அனைத்தும் சிறைத் துறைத் தலைவர் ஒருவரின் மேற்பார்வையில் இயங்கின.

இச்சிறைகளை ஆண்டது 1894 ஆம் ஆண்டின் சிறைச் சட்டமாகும். ஒவ்வொரு சிறைக்கும் ஒரு கண்காணிப்பாளர், ஒரு மருத்துவ அலுவலர், ஒரு சிறை அலுவலர் அதாவது ஜெயிலர் இருக்க வேண்டும் என இச்சட்டம் கூறியது. ஒருவரே கண்காணிப்பாளராகவும் மருத்துவ அலுவலராகவும் இருப்பது அக்காலத்தில் வழக்கமாக இருந்தது. நன்னடத்தை உடைய கைதிகளுள் சிலர் இரவுக் காவலர், மேற்பார்வையாளர், கைதி வார்டர் எனப் படிப்படியாக உயர்த்தப்பட்டு, பிற கைதிகளை வேலை வாங்கும் பொறுப்பில் அமர்த்தப்பட்டனர். அன்றாடச் சிறை வாழ்க்கையில் ஒரு கைதி மிகுதியும் எதிர்கொண்டது இவர்களையே ஆகும்.

சிறைக்குள் நுழையும் கைதியைப் பற்றிய பதிவுகளையும் இச்சட்டம் வரையறுத்தது. அவர் உடல் சோதனை செய்யப்பட்டு, உடைமைகள் பட்டியலிடப்பட வேண்டும். மருத்துவ அலுவலர் அவரைப் பரிசோதித்து, உடல்நிலை, உடலில் உள்ள காயங்கள், அடையாளங்கள், எவ்வகை வேலைக்குத் தகுதியானவர் ஆகிய விவரங்களைப் பதிவேட்டில் எழுதச் செய்ய வேண்டும். விடுதலை நாள், சிறைக்குள் பெற்ற தண்டனைகள், வந்து பார்த்தவர்கள் ஆகியவற்றுக்குத் தனித்தனிப் பதிவேடுகள் இருந்தன. ஒவ்வொரு கைதிக்கும் வரலாற்றுச் சீட்டு என்ற ஒரு தாள் வைக்கப்பட்டது. வேலை செய்யும் கைதியின் எடையைக் குறைந்தது இரண்டு வாரங்களுக்கு ஒரு முறை எடுத்து அச்சீட்டில் குறிக்க வேண்டும் என்பது விதி. நாளொன்றுக்கு ஒன்பது மணி நேரத்திற்கு மேல் வேலை வாங்குதல் கூடாது என்பதும் விதியே.

ஆயினும் அரசியல் கைதி என்ற ஒரு வகை 1908 இல் இல்லை. அரசுக்கு எதிராகப் பேசியதற்காகத் தண்டிக்கப்பட்டவரும் திருட்டுக்காகவும் கொலைக்காகவும் தண்டிக்கப்பட்டவரும் ஒரே உடை, ஒரே உணவு, ஒரே வேலை என்ற நிலையில் வைக்கப்பட்டனர். கோயம்புத்தூர்ச் சிறையில் சிதம்பரம்பிள்ளை செக்கிழுக்க வைக்கப்பட்டது இவ்வமைப்பின் விளைவாகும். கைதிகளை முதல், இரண்டாம், மூன்றாம் வகுப்புகளாகப் பிரிக்கும் முறை, 1929 இல் லாகூர்ச் சிறையில் யதீந்திரநாத் தாசு 63 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர் நீத்த பின்னரே, 1930 ஆம் ஆண்டையொட்டி நடைமுறைக்கு வந்தது. அதற்குள் சிவா காலமாகி ஐந்து ஆண்டுகள் கடந்திருந்தன.

சேலம் சிறை

சிவா முதலில் திருச்சிராப்பள்ளிச் சிறையிலும் பின்னர் சேலம் சிறையிலும் வைக்கப்பட்டார். சேலம் நகரில் ஏற்காடு செல்லும் சாலையில், அஸ்தம்பட்டிப் பகுதியில் இச்சிறை அமைந்துள்ளது. பழைய சேலம் மாவட்டம் இன்றைய சேலம், நாமக்கல், தருமபுரி, கிருட்டிணகிரி ஆகிய மாவட்டங்களின் பெரும் பகுதியைக் கொண்டிருந்தது. சேர்வராயன் மலை, கொல்லிமலை முதலிய மலைப்பகுதிகளுக்கும் அவற்றின் அடிவாரச் சிற்றூர்களுக்கும் அண்மையில் இருந்த பெரிய சிறை இதுவே.

சிறையில் சிவாவுக்கு மாவரைத்தல், கம்பளிக்கான ஆட்டு மயிரைத் துப்புரவு செய்தல் போன்ற கடின வேலைகள் தரப்பட்டன என்று இவரது வரலாற்றை எழுதியோர் குறிப்பிடுவர். இயல்பிலேயே எதற்கும் பணியாத மனப்போக்குடைய இவர், சிறை அதிகாரிகளுடன் பலமுறை முரண்பட்டார். சிறைச் சட்டத்தின்படி வேலையில் குறை வைப்பதும், அதிகாரிக்குப் பணிய மறுப்பதும் சிறைக் குற்றங்களாகும். அவற்றுக்குக் கால் விலங்கு, தனியறை, உணவுக் குறைப்பு எனப் பல தண்டனைகள் விதிக்கக் கண்காணிப்பாளருக்கு அதிகாரம் இருந்தது.

நன்னடத்தைக்கும் வேலைக்கும் ஏற்பத் தண்டனைக் காலத்தில் நாட்கள் கழிக்கப்படும் முறையும் அக்காலச் சிறைகளில் இருந்தது. தண்டனைக் கழிவு எனப்படும் இம்முறையால், தீர்ப்பில் எழுதப்பட்ட காலமும் கைதி உண்மையில் சிறையில் இருந்த காலமும் வேறுபடும். ஆறு ஆண்டுத் தண்டனை பெற்ற சிவா, நான்கு ஆண்டுகளும் ஏறத்தாழ நான்கு மாதங்களும் கழிந்த நிலையில் நவம்பர் 2, 1912 அன்று விடுதலை செய்யப்பட்டார்.

இச்சிறை பிற்காலத்திலும் தமிழக வரலாற்றில் இடம்பெற்றது. பெப்ரவரி 11, 1950 அன்று இங்கு அடைக்கப்பட்டிருந்த பொதுவுடைமை இயக்கக் கைதிகள் மீது நடத்தப்பட்ட துப்பாக்கிச் சூட்டில் 22 பேர் உயிரிழந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் கேரளப் பகுதியைச் சேர்ந்தவர்கள்.

தொழுநோய்

விடுதலையானபோது சிவாவின் உடலில் தொழுநோய் தோன்றியிருந்தது. சிறையிலேயே இந்நோய் இவரைப் பற்றியது என்பது இவரை அறிந்தவர்கள் கருத்தாகவும், தமிழகத்தில் பரவலாக வழங்கும் செய்தியாகவும் உள்ளது. சிறையில் செய்த ஆட்டு மயிர் வேலையே நோய்க்குக் காரணம் என்றும் சிலர் எழுதியுள்ளனர்.

மருத்துவ நோக்கில், தொழுநோய் ஒரு வகை நுண்ணுயிரால் உண்டாவது. நார்வே நாட்டு மருத்துவர் ஆன்சன் 1873 ஆம் ஆண்டிலேயே இதனைக் கண்டறிந்தார். மருத்துவம் பெறாத நோயாளியுடன் நெடுநாள் நெருங்கிப் பழகுவதால், பெரும்பாலும் மூச்சு வழியாக இது பரவுகிறது. ஆட்டு மயிராலோ வேலையாலோ இந்நோய் வருவதில்லை. நோய்க்கிருமி உடலில் புகுந்த பின் அறிகுறிகள் தோன்றச் சராசரியாக ஐந்து ஆண்டுகள் ஆகலாம். சிலருக்கு ஓராண்டிலும் சிலருக்கு இருபது ஆண்டுகளுக்கு மேலும் தோன்றுவதுண்டு. எனவே நோய் தொற்றிய நாளை உறுதி செய்ய இயலாது எனினும், நெருக்கமான கொட்டடிகளும், போதிய உணவின்மையும், நோயுற்றவர்களோடு ஒரே இடத்தில் உறங்க நேர்ந்தமையும் தொற்றுக்கு ஏற்ற சூழல்களே ஆகும். சிறைக்குள் புகும்போது 23 வயது இளைஞராக ஊர் ஊராக நடந்து பேசிய ஒருவர், 28 ஆம் வயதில் இந்நோயுடன் வெளிவந்தார் என்பதில் ஐயமில்லை.

அன்று இந்நோய்க்கு முழுமையான மருந்து கிடையாது. நீரடிமுத்து எண்ணெயே பெரும்பாலும் பயன்படுத்தப்பட்டது. நோயைத் தடுத்து நிறுத்தும் டாப்சோன் மருந்து 1940 களிலும், முழுமையாகக் குணப்படுத்தும் கூட்டு மருந்து முறை 1980 களிலும்தான் வந்தன. நீதிமன்றம் விதித்த ஆறு ஆண்டுத் தண்டனை 1912 இல் முடிந்தது. நோய் விதித்த தண்டனை 1925 வரை நீடித்தது.

விடுதலைக்குப் பின்

விடுதலைக்குப் பிறகு சிவா சென்னை மயிலாப்பூரில் தங்கினார். 1912 டிசம்பர் 24 அன்று சிதம்பரம்பிள்ளை கண்ணனூர்ச் சிறையிலிருந்து விடுதலையானபோது, கைது செய்யப்பட்ட நாளில் ஊரே திரண்டு கொந்தளித்த நிலைக்கு மாறாக, அவரை வரவேற்கச் சிறை வாயிலில் நின்றோர் மிகச் சிலரே. அவர்களுள் நோயுற்ற நிலையில் வந்திருந்த சிவாவும் ஒருவர்.

1913 ஆம் ஆண்டில் ஞானபானு என்ற மாத இதழைத் தொடங்கி 1916 வரை நடத்தினார். சமயம், தத்துவம், மொழி, நாட்டு முன்னேற்றம் ஆகியன குறித்த கட்டுரைகள் இதில் வெளிவந்தன. புதுச்சேரியில் இருந்த பாரதியின் படைப்புகளும் இதில் இடம்பெற்றன. பாரதியின் சின்னச் சங்கரன் கதை ஞானபானுவிலேயே வெளியாயிற்று. பிறமொழிச் சொற்கள் கலவாமல் தமிழில் எழுதுவோருக்குப் பரிசு அளிப்பதாக 1915 இல் இவ்விதழில் அறிவித்தார். தனித்தமிழ் இயக்கம் தோன்றுவதற்குச் சற்று முந்திய காலத்தில் இவ்வறிவிப்பு வந்தது என்பது குறிப்பிடத்தக்கது. பிரபஞ்ச மித்திரன் என்ற இதழையும் நடத்தினார். இராமானுஜ விஜயம், மத்வ விஜயம், மோட்ச சாதன ரகசியம் முதலியன இவர் எழுதிய நூல்களுள் சில. நாடகங்களும் புதினமும் எழுதியுள்ளார்.

இவரது மனைவி மீனாட்சியம்மை 1915 ஆம் ஆண்டில் காலமானார். அதன் பின் சிவா துறவியைப் போன்றே வாழ்ந்தார்.

மீண்டும் சிறை

ஒத்துழையாமை இயக்கம் நடைபெற்ற காலத்தில் சிவா மீண்டும் ஊர் ஊராகச் சென்று பேசலானார். 1921 நவம்பரில் அரசத் துரோகக் குற்றத்திற்காக இவருக்கு இரண்டரை ஆண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. இம்முறையும் திருச்சிராப்பள்ளிச் சிறையில் வைக்கப்பட்டார். நோய் முற்றியிருந்த நிலையில், தண்டனைக் காலம் முடியும் முன்பே, 1922 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் விடுவிக்கப்பட்டார்.

சிறைக்கு வெளியிலும் இவர் மீது கட்டுப்பாடு தொடர்ந்தது. தொற்று நோய் உடையவர்கள் இரயிலில் செல்வதை 1890 ஆம் ஆண்டின் இரயில்வே சட்டம் கட்டுப்படுத்தியது. 1898 ஆம் ஆண்டின் தொழுநோயாளர் சட்டமும் நோயாளர்களின் நடமாட்டத்தையும் தொழிலையும் கட்டுப்படுத்த வழி செய்தது. சிவா இரயிலில் பயணம் செய்வது தடுக்கப்பட்டதால், மாட்டு வண்டியிலும் கால்நடையாகவும் பல நூறு மைல்கள் பயணம் செய்து கூட்டங்களில் பேசினார். 1898 ஆம் ஆண்டின் சட்டம் 2016 ஆம் ஆண்டில்தான் நீக்கப்பட்டது.

பாப்பாரப்பட்டி

பாரத மாதாவுக்கு ஒரு கோயில் எழுப்ப வேண்டும் என்பது சிவாவின் நெடுநாள் விருப்பமாகும். எச்சாதியினரும் எம்மதத்தினரும் வந்து வழிபடத்தக்கதாக அது அமைய வேண்டும் என அவர் விரும்பினார். இதற்காக, பின்னாளில் தருமபுரி மாவட்டத்தில் சேர்ந்த பாப்பாரப்பட்டியில் நண்பர்கள் துணையுடன் நிலம் பெற்று, பாரதாசிரமம் என்ற பெயரில் ஓர் ஆசிரமத்தை நிறுவினார். 1923 ஆம் ஆண்டில் தேசபந்து சித்தரஞ்சன் தாசு இக்கோயிலுக்கு அடிக்கல் நாட்டினார். போதிய பணம் திரளாததால் கோயிற்பணி இவரது வாழ்நாளில் நிறைவேறவில்லை.

நிதி திரட்டும் பொருட்டும் நாட்டுப்பற்றைப் பரப்பும் பொருட்டும், புண்களைத் துணியால் மூடிக்கொண்டு தொடர்ந்து பயணம் செய்தார். உடல்நிலை மோசமடைந்து, சூலை 23, 1925 அன்று பாப்பாரப்பட்டியில் காலமானார். அப்போது இவருக்கு வயது 40.

சிறைப் பதிவுகளும் வரலாற்றாய்வும்

சிவாவைப் போன்ற ஒரு கைதியின் வாழ்க்கையை ஆய்வோருக்கு மூன்று வகையான பதிவுகள் பயன்படுகின்றன. முதலாவது நீதிமன்றப் பதிவுகள். இவற்றில் குற்றச்சாட்டு, சாட்சியம், தீர்ப்பு ஆகியன உள்ளன. சிதம்பரம்பிள்ளை, சிவா ஆகியோர் மேல்முறையீட்டின் தீர்ப்பு சட்ட அறிக்கைத் தொகுதியில் அச்சாகியுள்ளது. இரண்டாவது அரசாணைகள். கைதியை ஒரு சிறையிலிருந்து மற்றொரு சிறைக்கு மாற்றுதல், கருணை மனு, விடுதலை ஆகியவை குறித்து மாகாண அரசின் நீதித் துறை ஆணைகள் பிறப்பித்தது. அக்கால ஆவணங்கள் சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் பாதுகாக்கப்படுகின்றன. ஆணையின் எண்ணும் நாளும் தெரிந்தால் தேடுதல் எளிதாகும். எனவே தீர்ப்பு நாளையும் சிறை மாற்றங்களையும் முதலில் வரிசைப்படுத்திக்கொள்வது ஆய்வாளர் வழக்கம். மூன்றாவது சிறையிலேயே வைக்கப்பட்ட சேர்க்கைப் பதிவேடும் வரலாற்றுச் சீட்டும் ஆகும்.

இப்பதிவுகள் அனைத்தும் அரசின் நோக்கில் எழுதப்பட்டவை. கைதியின் எடை எவ்வளவு, எந்த வேலை கொடுக்கப்பட்டது, எந்நாளில் தண்டிக்கப்பட்டார் என்பதை அவை கூறும். அவ்வேலை எப்படி இருந்தது என்பதைக் கைதியே கூற வேண்டும். சிதம்பரம்பிள்ளை தமது சிறை வாழ்க்கையைத் தன்வரலாறாகச் செய்யுளில் எழுதி வைத்தார். அக்காலச் சிறைகளின் உணவு, வேலை, அதிகாரிகளின் நடத்தை ஆகியவற்றை உள்ளிருந்து காட்டும் முக்கிய சான்று அது. சிவாவின் வாழ்க்கையிலோ, சிறை விட்டுச் சென்ற முதன்மையான சான்று அவரது உடலே ஆகும்.

இன்றைய அமைப்பு

தமிழ்நாட்டில் ஆண்களுக்கான மத்திய சிறைகள் ஒன்பது உள்ளன. புழலில் இரண்டும், வேலூர், கடலூர், திருச்சிராப்பள்ளி, சேலம், கோயம்புத்தூர், மதுரை, பாளையங்கோட்டை ஆகிய இடங்களில் ஒவ்வொன்றும் அமைந்துள்ளன. 1997 இல் சேலத்திலிருந்து பிரிக்கப்பட்ட நாமக்கல் மாவட்டத்தில் மத்திய சிறை இல்லை. நாமக்கல், இராசிபுரம் முதலிய ஊர்களில் கிளைச் சிறைகள் உள்ளன. ஆகவே கொல்லிமலையில் வாழவந்திநாடு காவல் நிலையத்தில் கைது செய்யப்படும் ஒருவர், நீதித்துறை நடுவர் முன் நிறுத்தப்பட்டு, காவலில் வைக்க ஆணையிடப்பட்டால் மலையிறங்கி இத்தகைய கிளைச் சிறை ஒன்றுக்கோ சேலம் மத்திய சிறைக்கோ அனுப்பப்படுகிறார். அவரைத் தேடும் குடும்பத்தினருக்கு, கைது செய்த காவல் நிலையத்தின் வழக்கு எண்ணும், காவல் ஆணை பிறப்பித்த நீதிமன்றத்தின் பெயரும் முதல் தேவைகளாகும். எச்சிறை என்பது அந்த ஆணையிலேயே எழுதப்பட்டிருக்கும். வழக்கறிஞர் அமர்த்த வசதியற்றவர்களுக்கு மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவச உதவி அளிக்கிறது.

முற்காலத்து வரலாற்றுச் சீட்டின் இடத்தைப் பெருமளவில் கணினிப் பதிவு பெற்றுள்ளது. நாடெங்கும் சிறைகளை இணைக்கும் மின் சிறை அமைப்பில் கைதியின் சேர்க்கை, வழக்கு, உடல்நலம், பார்வையாளர் விவரங்கள் பதியப்படுகின்றன. சிவா தண்டிக்கப்பட்ட 124அ பிரிவின் செயற்பாட்டை 2022 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் நிறுத்தி வைத்தது. 2024 சூலை முதல் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்கிதா நடைமுறைக்கு வந்தது. நாட்டின் இறையாண்மைக்கும் ஒருமைப்பாட்டுக்கும் எதிரான செயல்கள் பற்றிய 152 ஆம் பிரிவு அதில் இடம்பெற்றுள்ளது.

நினைவுச் சின்னங்கள்

பாப்பாரப்பட்டியில் சுப்பிரமணிய சிவாவுக்குத் தமிழ்நாடு அரசு மணிமண்டபம் அமைத்துள்ளது. அவர் விரும்பிய பாரத மாதா நினைவாலயமும் அவ்வூரிலேயே கட்டப்பட்டு 2021 ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. அடிக்கல் நாட்டப்பட்டு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு கழிந்த பின்னரே அவரது விருப்பம் நிறைவேறியது. தருமபுரி மாவட்டம் கோபாலபுரத்தில் உள்ள கூட்டுறவுச் சர்க்கரை ஆலைக்கு இவரது பெயர் சூட்டப்பட்டுள்ளது. கோயம்புத்தூர்ச் சிறையில் சிதம்பரம்பிள்ளை இழுத்த செக்கு சென்னை கிண்டியில் உள்ள காந்தி மண்டப வளாகத்தில் மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டுள்ளது. சிவா அடைக்கப்பட்டிருந்த சேலம் மத்திய சிறை இன்றும் சிறையாகவே இயங்கி வருகிறது.